பூஜையறைக் கதவுக்கு ஒரு காப்பு

தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில் பூஜையறைக் கதவுக்கு நேரும் சோதனை வேறெந்த மரத்துக்கும் நேர்வதில்லை. வாசற்கதவு வெயிலையும் மழையையும் பார்த்ததுதான். ஆயினும் திண்ணைக் கூரை அதற்குக் குடை பிடிக்கிறது. பூஜையறைக் கதவு உள்ளே நிழலில் நிற்கிறது என்று பெயர்தான். விளக்குக்கு எண்ணெய் வார்த்த கை, சாம்பிராணிப் புகை, ஈரத் துணி, சந்தனம், குங்குமம் எல்லாம் அன்றாடம் அதன்மேல்தான் படிகின்றன. ஐம்பது ஆண்டுகள் இடைவிடாமல் விளக்கேற்றிய வீட்டில் அந்தக் கதவைத் தொட்டால் விரல் ஒட்டும். தேக்கா பலாவா என்று சொல்ல இயலாதபடி ஒரு கருமை ஏறியிருக்கும்.

இக்கருமைக்குப் பெரிதும் காரணம் பக்தியோடு தடவிய எண்ணெயே. நவராத்திரிக்கு முன்பும் பொங்கலுக்கு முன்பும் கதவைத் துடைத்து நல்லெண்ணெய் பூசுவது பல வீடுகளில் வழக்கம். பூசிய அன்று மரம் பளபளக்கும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் விளக்குக்கு உகந்தவை. மரத்தின் மேற்பூச்சாக உகந்தவையல்ல. அவை முழுமையாகக் காய்ந்து இறுகுவதில்லை. பிசுபிசுப்பாகவே நின்று, தூசியையும் விளக்கின் கரியையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆளிவிதை எண்ணெய் வேறு இனம். அது காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, சில நாட்களில் மெல்லிய தோல்போல இறுகிவிடும். வார்னிஷ் என்று நாம் அழைக்கும் எண்ணெய்ப் பூச்சுகள் யாவும் இந்த இரண்டாம் இனத்தைச் சேர்ந்தவை.

காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் இல்லத்தில் சென்ற தை மாதம் இந்தக் கேள்வி எழுந்தது. பாட்டனார் காலத்து இரட்டைக் கதவு. தேக்கு மரம், மேற்சட்டத்தில் கஜலக்ஷ்மி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வெண்கல மணி. வைகாசியில் பேத்தியின் திருமண நிச்சயம் அந்த வீட்டுக் கூடத்திலேயே நடக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. "இப்படிக் கரி பிடித்த கதவின் முன்னாலா தாம்பூலம் மாற்றுவது?" என்று கேட்டவர் ஆசிரியரின் மனைவி. சென்னையிலிருந்த மகன், "பி.யூ. பாலிஷ் போட்டுவிடுங்கள் அப்பா, இருபது வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றார். ஊர்த் தச்சரோ பழைய முறையில் அரக்குப் பாலிஷே போதும் என்றார். ஆசிரியர் இரண்டையும் உடனே ஏற்கவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டார்.

அரக்குப் பாலிஷுக்குப் பெருமை உண்டு. புரசு போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைத் தூய்மை செய்து, அவல் போலத் தகடு தகடாக எடுப்பதால் அதற்கு அவலரக்கு என்று பெயர். அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தில் நனைத்து மரத்தில் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவதே பிரெஞ்சு பாலிஷ். அதன் ஒளி மரத்தின் உள்ளிருந்து வருவது போலிருக்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மீண்டும் தேய்த்தால் போதும். பழையதும் புதியதும் கரைந்து ஒன்றாகிவிடும். இந்த நற்குணம் எல்லாப் பூச்சுகளுக்கும் இல்லை. ஆனால் நீர் நின்றால் வெளுக்கும். சூடான பாத்திரம் பட்டால் இளகும். சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் அதைக் கரைத்துவிடும். கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து வெற்றிலை போடும் பெரியவர்கள் சுண்ணாம்பு விரலைப் பலகையின் விளிம்பில் துடைப்பதும், அந்த இடத்தில் மட்டும் பாலிஷ் போய்விடுவதும் தஞ்சாவூர் வீடுகள் அனைத்தும் அறிந்த செய்தி. பழியை மட்டும் தச்சரின் மேல் போடுவார்கள்.

பாலியூரித்தேன் என்னும் பிசின் குடும்பத்தை 1937ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஒட்டோ பேயர் என்ற வேதியியலார் கண்டறிந்தார். மரப்பூச்சாகக் கடைகளில் விற்கும் அதன் வகைகளில் இரண்டை அன்பர்கள் பிரித்தறிவது மிக அவசியம். ஒன்று, எண்ணெய் கலந்தது. ஒரே டப்பாவில் வருவது. தூரிகையால் பூசி, காற்றில் தானாக இறுகவிடுவது. ஆளிவிதை, சோயா போன்ற காயும் எண்ணெய்களோடு யூரித்தேனைப் பிணைத்துச் செய்யப்படுவது. மற்றொன்று, இரு பகுதிகளாக வந்து, கலந்தவுடன் இறுகத் தொடங்குவது. பெரும்பாலும் பீய்ச்சியடித்துப் பூசப்படுவது. நகரத்து ஒப்பந்தக்காரர்கள் பி.யூ. பாலிஷ் என்று சொல்லும்போது அவர்கள் குறிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதையே. கண்ணாடி போன்ற மெருகு அதில் வரும். ஆனால் அதன் இறுக்கிப் பகுதியில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கிறது. பீய்ச்சும்போது அது நுண்துளியாகக் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் செல்லும். ஆஸ்துமாவை உண்டாக்கவும் வல்லது. பூசுபவருக்குத் தக்க முகக்கவசம் இல்லாமலும், வீட்டிலுள்ளோரை வெளியேற்றாமலும் அதைச் செய்வது தகாது. முதியவர்கள் குடியிருக்கும் வீட்டின் நடுக்கூடத்தில் அந்த வேலைக்கு இடமே இல்லை. ஆசிரியரின் மனைவிக்கு மார்கழிப் பனியில் இழுப்பு வரும். எனவே அது அத்தோடு நீங்கியது.

எஞ்சியது எண்ணெய் கலந்த பாலியூரித்தேன். நீருக்கும் விளக்கெண்ணெய்க் கறைக்கும் நல்லெண்ணெய்க் கறைக்கும் அது அசையாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும். அதன் இயல்பான பொன்மஞ்சள் சாயல் தேக்குக்கும் பலாவுக்கும் அழகூட்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சாயல் சற்றுக் கூடும். அரக்கைவிடச் சூட்டைத் தாங்கும் என்றாலும், கற்பூரத் தட்டை அதன்மேல் வைக்கலாகாது. குறை என்று சொன்னால் இரண்டு. ஒருநாள் உரியத் தொடங்கினால் அரக்கைப் போல ஒட்டுப்போட முடியாது. அந்தப் பாகம் முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். இரண்டாவது குறைதான் அந்த இல்லத்தில் இரண்டு நாள் பேச்சை நிறுத்தியது. பூச்சு உலரும் வரை அதிலிருந்து எழும் டர்பன்டைன் ஆவி எளிதில் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானதால் அது தரையோடு தவழ்ந்து செல்லும். ஆகவே நிலைக்குப் பூச்சிட்ட அறையில் விளக்கேற்றக் கூடாது. அடுத்த அறையில் திரி எரிவதும் ஆபத்தே.

"கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இடத்தில் விளக்கு அணைந்ததில்லை" என்றார் அம்மையார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆசிரியரும் வற்புறுத்தவில்லை. தஞ்சையில் வாழ்வோர்க்குத் தீயின் அச்சத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1997 ஜூன் 7ஆம் நாள் பெரிய கோயில் கும்பாபிஷேகத்துக்காக அமைத்த யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40க்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்ததை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. இறைவனின் சந்நிதியில் நடப்பது என்பதற்காக நெருப்பு தன் இயல்பை விட்டுக்கொடுப்பதில்லை.

வழி கோயில் மரபிலேயே இருந்தது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பெரும்பாலும் அத்திப் பலகையில் எழுதிய திருவுருவத்துக்கு மாற்றி, வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்து, பூஜையை அங்கே தொடர்வார்கள். 2020 பிப்ரவரி 5ஆம் நாள் பெரிய கோயிலுக்கு மீண்டும் கும்பாபிஷேகம் நடந்தபோதும் முன்னதாகப் பாலாலயம் நிகழ்ந்தது. பூஜை நிற்பதில்லை, இடம் மட்டும் மாறுகிறது. வீட்டுப் படங்களுக்கு அத்தனை விதிகள் இல்லை. ஆயினும் கருத்து ஒன்றே. திருவரங்கத்தில் ஆனி மாத ஜ்யேஷ்டாபிஷேகத்தை ஒட்டிப் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு சாற்றுவதையும் ஆசிரியர் நினைவூட்டினார். சுதையாலான அத்திருமேனிக்கு நீர்த் திருமஞ்சனம் இல்லை; நறுமணப் பொருள்களிலிருந்து வடித்த தைலமே காப்பு. அது உலரும் வரை, 48 நாட்கள், திருமுகம் தவிர மற்றப் பகுதிகள் திரையிட்டு மறைக்கப்பட்டிருக்கும். பெருமாளே பூச்சு உலரக் காத்திருக்கிறார்.

"அப்படியானால் ஒரு மண்டலம்" என்றார் அம்மையார். எண்ணெய் கலந்த பாலியூரித்தேன் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிட்டாலும், முழு வலிமை பெறச் சுமார் முப்பது நாட்கள் ஆகும் என்பது அவருக்குத் தெரிந்து சொன்னதல்ல. ஆனால் கணக்குச் சரியாக அமைந்தது. தைப்பூசம் கழிந்த ஒரு நல்ல நாளில் படங்களும் விக்கிரகங்களும் சாளக்கிராமமும் மாடி அறைக்கு எழுந்தருளின. மாடிக்கு வெளிப்புறப் படிக்கட்டு. ஆவி எட்டாத இடம்.

தை மாதத்துக்கு டெல்டாவில் ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றெல்லாம் ஈரம். மரம் நீரை உறிஞ்சிப் பருத்து, கதவு நிலையில் பிடிக்கும். பூச்சும் நாட்கணக்கில் உலராது. தையில் மழை ஓய்ந்துவிடும். ஆனால் அது சம்பா அறுவடைக் காலம். அறுவடை இயந்திரம் ஓடினால் வைக்கோல் தூசி தெருவெல்லாம் பறக்கும். உலராத பூச்சின்மேல் ஒரு நெல் உமி விழுந்தால் அது அங்கேயே குடியிருக்கும். தச்சர் கதவுகளைக் கீல் கழற்றி, கொல்லைத் தாழ்வாரத்தில் கட்டைகளின்மேல் கிடத்தினார். தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கினார். வயற்பக்கம் மட்டும் ஈரக் கோணியைத் தொங்கவிட்டார். கிடத்திப் பூசினால் பூச்சு வழியாது என்பது மற்றொரு பயன். மணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தக் கட்டத்து மணி என்று ஆசிரியர் சாக்குக் கட்டியால் எண்ணிட்டார். அவசியமில்லாத வேலை என்று தச்சர் சிரித்தார். பிறகு மாட்டும்போது மணியின் கொக்கிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாததைக் கண்டு அவரே எண்ணைக் கேட்டார்.

முதலில் மேலிருப்பது என்ன என்று அறிய வேண்டும். மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்து அழுத்தினால், அரக்காக இருந்தால் இளகி ஒட்டும். அப்படியே ஒட்டியது; பாட்டனார் காலத்துப் பிரெஞ்சு பாலிஷ், அதன்மேல் எண்ணெய்ப் படலம். சீயக்காய்ப் பொடியைக் குழைத்துத் தேய்த்து மேலெண்ணெயை எடுத்து, இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, பிறகு ஸ்பிரிட்டாலும் சுரண்டியாலும் அரக்கை நீக்கினார்கள். பாலியூரித்தேன் மெழுகுள்ள அரக்கின்மேல் உறுதியாகப் பற்றாது. எண்ணெயின்மேல் அறவே பற்றாது. இந்த ஒரு கட்டத்தில் அவசரப்பட்டவர்களின் கதவுகள்தான் இரண்டாம் ஆண்டே பாம்பு சட்டை உரிப்பது போல உரிகின்றன. பிறகு உப்புத்தாள்: 120, 180, 220 என்று முரட்டுத்தாளிலிருந்து மென்தாளுக்கு, எப்போதும் மரத்தின் ரேகை வழியே. கஜலக்ஷ்மியின் மேல் தாளையே வைக்கவில்லை. பழைய பல் துலக்கும் தூரிகையால் துடைத்ததோடு சரி. யானைகளின் துதிக்கை மழுங்கிவிட்டால் எந்தப் பூச்சாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

தேக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதனுள்ளேயே எண்ணெய் இருக்கிறது. கரையான் அதை எளிதில் தீண்டாததற்கு அதுவும் ஒரு காரணம். அதே எண்ணெய் மேற்பூச்சை உலரவிடாமல் தடுக்கும். எனவே பூசுவதற்குச் சற்று முன்பாகத் தின்னர் நனைத்த துணியால் மரத்தை ஒருமுறை துடைத்து, ஆவி பறந்ததும் தாமதியாமல் பூச வேண்டும். மறுநாள் பூசலாம் என்று விட்டால் உள்ளெண்ணெய் மீண்டும் மேலே வந்துவிடும். ஈட்டி மரத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

தூரிகை வாங்கும்போது ஒரு சங்கடம் வந்தது. எண்ணெய்ப் பூச்சுக்கு உகந்தது என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது பன்றி முடியாலானது. பூஜையறைக் கதவுக்கு அது வேண்டாம் என்று ஆசிரியர் மறுத்தார். செயற்கை இழையில் எண்ணெய்ப் பூச்சுக்கென்றே நல்ல தூரிகைகள் கிடைக்கின்றன. வேலையில் வேறுபாடு தெரியவில்லை.

பூச்சு டப்பாவைக் குலுக்கலாகாது. குலுக்கினால் நுரைக்குமிழிகள் அப்படியே மரத்தில் ஏறும். மெல்லக் குச்சியால் கலக்க வேண்டும். முதற்பூச்சில் பத்துக்கு ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்தார் தச்சர். அப்போதுதான் மரம் உட்கொள்ளும். காலைப் பனி விலகிப் பத்து மணிக்குமேல் தொடங்கி, உச்சி வேளைக்குள் முடித்தார். மெல்லிய பூச்சு, இறுதியில் தூரிகையின் நுனியால் ரேகை வழியே ஒரே இழுப்பு, பிறகு தொடவே கூடாது. தொட்டுத் தொட்டுச் சரிசெய்ய நினைப்பதால்தான் தழும்புகள் உண்டாகின்றன. கொத்து வேலையின் பள்ளங்களில் பூச்சு தேங்காதபடி உலர்ந்த தூரிகையால் ஒற்றி எடுத்தார். முகப்பை மட்டுமல்ல, பின்புறத்தையும், யார் கண்ணிலும் படாத மேல் விளிம்பு, அடி விளிம்புகளையும் பூசினார். ஐப்பசி ஈரம் மரத்துக்குள் நுழைவது பெரிதும் அந்த விளிம்புகள் வழியேதான். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே இரண்டு நாள். இடையில் 320 தாளால் லேசாக உரசி, தூசியைத் துடைத்து, அடுத்தது. மூன்று பூச்சு. கடைசிப் பூச்சுக்குப் பளபளப்பு குறைந்த வகையை ஆசிரியர் தேர்ந்தெடுத்தார். விளக்கின் சுடர் கதவில் தெரியலாம்; கூடத்து டியூப்லைட் தெரிய வேண்டாம் என்பது அவருடைய கணக்கு.

வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும், பூச்சு துடைத்த துணிகளைத் தச்சர் மூலையில் சுருட்டி எறியப் போனார், ஆசிரியர் தடுத்தார். காயும் எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி, நெருப்புப் பொறி எதுவும் இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். வைக்கோல் போர் கொல்லையிலேயே இருந்தது. துணிகளை வாளி நீரில் அமிழ்த்தி வைத்து, மறுநாள் வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட்டார்கள்.

நிலைக்கும் பூச்சு முடிந்து, படியில் மட்டும் தச்சர் தூரிகையை வைக்கப் போனபோது அம்மையார் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"அதை விட்டுவிடுங்கள் ஆசாரியாரே. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூச வேண்டும்."

"பூச்சு போட்டால் மஞ்சள் கறை பிடிக்காதே அம்மா, துடைத்தால் வந்துவிடுமே" என்றார் தச்சர்.

"அதனால்தான் வேண்டாம் என்கிறேன். பிடிக்க வேண்டுமே!"

பூச்சிட்ட மரத்தில் குழைத்த மஞ்சள் பற்றாது. உலர்ந்ததும் செதிலாக உதிரும். மரம் எதையும் ஏற்காதபடி மூடுவதே அந்தப் பூச்சின் தொழில். படிக்கு வேண்டியதோ வாரந்தோறும் ஏற்பது. தச்சர் தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டுப் படியை உப்புத்தாளால் மட்டும் தேய்த்துக் கொடுத்தார். அடியில் கரையான் புற்று இருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். எந்த மேற்பூச்சும் தரைக்குக் கீழிருந்து வரும் கரையானைத் தடுப்பதில்லை.

கதவுகள் நான்காம் வாரத்தில் நிலையில் ஏறின. மணிகள் எண்வரிசைப்படி மாட்டப்பட்டன. அதன் பிறகும் அறையில் டர்பன்டைன் நெடி இருக்கிறதா என்று ஆசிரியர் தினமும் காலையில் கதவைச் சாத்திவைத்துத் திறந்து முகர்ந்து பார்த்தார். மண்டலம் நிறைந்த நாளில் நெடி அறவே இல்லை. மாடியிலிருந்து படங்கள் இறங்கின. அது வியாழக்கிழமையாக அமைந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில், வெற்று மரமாக விட்ட படியில் அம்மையார் மஞ்சளைக் குழைத்துப் பூசினார்.